மணிக்கட்டு அளவு

என்னங்க, வணக்கம். நீங்களும் அத்தையும் பாப்பாவும் நலம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வேலை பார்க்கும் இந்த வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் மைதானத்தில் போட்டிருந்த கைவினைச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். பாப்பாவுக்கு ஒரு மணி வளையல் கோர்க்கச் சொன்னேன்.

"கை எவ்ளோ பெருசும்மா?" என்றாள் கடைக்காரி.

யோசிக்காமல் இந்த வீட்டுச் சின்னவளின் கையைப் பிடித்து நீட்டினேன். கச்சிதமாக இருந்தது.

"எனக்கா ஆன்ட்டி?" என்றாள் அவள்.

நான் ஊரிலிருந்து கிளம்பியபோதுதான் பாப்பா இவள் அளவு இருந்தாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. வளையலை இவளுக்கே போட்டுவிட்டேன். அழுகையெல்லாம் வரவில்லை, கவலைப்படாதீர்கள்.

பாப்பாவின் மணிக்கட்டைச் சுற்றி ஒரு நூல் பிடித்து, வெட்டி, தபாலில் அனுப்புங்கள்.

சின்னவள் எழுந்துவிட்டாள், கூப்பிடுகிறாள். நூலைக் கொஞ்சம் தளர்வாகவே பிடியுங்கள். அது இங்கே வந்து சேர்வதற்குள் பாப்பா வளர்ந்துவிடுவாள்.