பதினொன்றில் நான்கு வெறும் கல்

கொட்டாஞ்சேனை,
26 ஒக்டோபர் 2025, ஞாயிறு.

அன்பு மகள் ரொஷேலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலியையும் சுகத்துக்குள் சேர்த்துக்கொண்டால், ஆண்டவர் கிருபையில் இரண்டு பேரும் சுகமாகவே இருக்கிறோம். கேப் டவுனில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனையை எடுத்தேன். வெள்ளிக்கிழமைதானே வட்ஸ்அப்பில் கதைத்தோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். சில விஷயங்களை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான் "எழுதிப் போடு பிறிஜெற், எழுதினால் பிள்ளை முழுசா வாசிச்சு முடிச்சுத்தான் ஏசுவாள்" என்றார். இங்கே லிப்ற் மறுபடி பழுது, மூன்று மாடியும் ஏறி இறங்குகிறோம். பக்கத்து வீட்டு றஞ்சிதம் அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ ஒரே சட்டியில் விட்டுப்போன, பார்வைக்குக் கூழாங்கல் மாதிரியே இருக்கிற பதினொரு கல்லுச்செடியில் நான்கு உயிரோடு இல்லை. இப்போது செத்தவை அல்ல, நீ போன அடுத்த வருடச் சித்திரை வெயிலிலேயே போய்விட்டன. எப்போது தண்ணீர் விட வேண்டும், எப்போது விடவே கூடாது என்று மூன்று பக்கம் எழுதி பிரிஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாய். நான் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கென்ன பாடம் என்ற திமிர். நம்முடைய பல்கனியில் பங்குனி, சித்திரையில் அடிக்கிற வெயில் உனக்குத் தெரியும். பின்னேரம் மூன்று மணிக்குப் பார்த்தால் எல்லாம் சுருங்கிச் சரளைக்குள் பதுங்கிக் கிடந்தன. மனசு கேட்கவில்லை. நான் குடிக்கிறபோதெல்லாம் அதுகளுக்கும் ஒரு வாய் என்று நாள்தோறும் ஊற்றினேன். இரண்டு நாள் நன்றாகப் பூரித்து நின்றன. என்னைவிடக் கெட்டிக்காரி யார் என்று நினைத்தேன். ஒரு கிழமையில் ஒன்று வெடித்தது, தொட்டுப் பார்த்தேன், அழுகின பழம் மாதிரி விரலோடு வந்தது. பத்து நாளைக்குள் நான்கு.

நான்காவது போனது ஒரு வெள்ளிக்கிழமை, நீ கதைக்கிற நாள். அப்பா வெள்ளவத்தையில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார், அழுதுகொண்டே அவருக்குக் கோல் எடுத்தேன். அவர் ரெயில் பாதையைக் கடந்து கடற்கரைக்கு இறங்கி, நிறமும் அளவும் பார்த்து நான்கு கூழாங்கல் பொறுக்கிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் பெட்டி எண்ணின மனிசன், "பதினொன்று இருக்க வேணும், பதினொன்று இருக்கும்" என்று சொல்லிச் சொல்லிப் புதைத்தார். பின்னேரம் நான் போனைத் தூரத்தில் பிடித்துக் காட்ட, நீ "பதினொன்றும் நல்லா இருக்கு அம்மா, நான் பயந்துகொண்டிருந்தனான்" என்றாய். அந்தச் சந்தோஷத்தைக் கேட்க ஏலாமல், நெற்வேர்க் சரியில்லை என்று வைத்துவிட்டேன். அன்றிலிருந்து நெற்வேர்க் எத்தனை தடவை சரியில்லாமல் போனது என்று இப்போது உனக்கு விளங்கும்.

அதற்குப் பிறகுதான் மூன்று பக்கத்தையும் உட்கார்ந்து வாசித்தேன். வெயில் காலத்தில் அவை சாகவில்லை, உறங்குகின்றன, அடுத்த நாள் காலையிலும் சுருக்கம் போகாவிட்டால் மட்டும் ஒரு கரண்டி தண்ணீர் என்று எவ்வளவு தெளிவாக எழுதியிருந்தாய். வைகாசி மழை தொடங்க உள்ளே எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். துறைமுகப் பக்கத்து ஈரக் காற்றில் சரளை காயவே காயாது, அப்பா மேசை ஃபேனை நாளைக்கு ஒரு மணித்தியாலம் அதுகளுக்குப் போட்டுவிடுவார். எனக்குப் புழுங்கும், செடிக்குக் காற்று. ஆகக் கஷ்டம், நடுவில் புது இலைச் சோடி வருகிற காலம்தான். பழைய இலை தோல் மாதிரி வற்றி வற்றி இருக்கும், பார்க்கிறவளுக்குக் கை துடிக்கும். "அந்தத் தண்ணீரைத்தான் புது இலை குடிக்கிறது, நீங்கள் விட்டால் இரண்டும் கெடும்" என்று நீ சிவப்பில் கோடு போட்டிருந்தாய். நான் செபமாலையை எடுத்துக்கொண்டு பல்கனிக் கதவைச் சாத்திவிடுவேன். தண்ணீர் விட்ட நாளையெல்லாம் அப்பா கோயில் கலண்டரில் வட்டம் போட்டார். போன வருடம் முழுவதும் பதினான்கு வட்டம், மகள். நாளைக்கு மூன்று தடவை ஊற்றினவள் நான்.

இந்த மாதத் தொடக்கத்தில் இரண்டு செடியின் பிளவில் மொட்டு எட்டிப் பார்த்தது. உனக்குச் சொன்னால் கிட்டக் காட்டச் சொல்லுவாய் என்று பயந்து சொல்லவில்லை. றஞ்சிதம் அக்கா சும்மா இருக்கவில்லை, எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்த வீட்டுத்தோட்டக் கண்காட்சிக்கு என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டா. போன சனிக்கிழமை சட்டியை அப்பா மடியில் வைத்துக்கொள்ள, திரீவீலரில் போனோம். காலை முழுக்க மொட்டு இறுகி மூடியே கிடந்தது. வந்தவர்கள் எல்லாம் "என்ன அன்ரி, கல்லைக் கொண்டுவந்து வச்சிருக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு ஓர்கிட் பக்கம் போனார்கள். இரண்டரை மணிக்கு வெயில் எங்கள் மேசைக்குத் திரும்பியது. இதழ் ஒவ்வொன்றாக விரிந்தது மகள், இரண்டு மஞ்சள் பூ, செடியைவிடப் பூ பெரிசு. ஓர்கிட் பக்கம் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

நடுவராக வந்தவர் ஹெக்டர் என்று ஒருவர், தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து ஒவ்வொரு செடியாக விரலால் மெல்லத் தொட்டார். நாலாவதில் நின்றார். இன்னொரு தரம் தொட்டார். "மிஸிஸ் ஸ்ரனிஸ்லாஸ், இது கல்லு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "ஓம் ஐயா, நாலு கல்லு. நாலையும் நான்தான் தண்ணி ஊத்திக் கொன்றனான், மகளுக்குத் தெரியாமல் இருக்கக் கல்லு வச்சனாங்கள். மிச்சம் ஏழும் உயிர்" என்று அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்து, "நான் இதை ரெண்டு தரம் கொழும்பில வளர்த்துப் பார்த்தனான், ரெண்டு தரமும் ஒண்டும் மிஞ்சேல்ல. உங்களுக்கு ஆர் பழக்கினது?" என்று கேட்டார்.

மகள், நீ வங்கி வேலையை விட்டுவிட்டுப் போனபோது "கல்லைப் படிக்கவா போறாய்?" என்று கேட்டவள் நான். யாராவது விசாரித்தால் "வெளிநாட்டில சயன்ஸ் படிக்கிறாள்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினவளும் நான்தான். அன்றைக்கு மாற்றவில்லை. "என்ட மகள் ரொஷேல். விதை போட்டு முளைக்க வச்சதும் அவள்தான். இதுகள் பிறந்த பாலைவனத்துக்கே போய் இதைத்தான் படிக்கிறாள்" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது, மண்டபத்தின் மறுபக்கம் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள் என்று அப்பா சொல்கிறார். பார்க்கட்டும். முதல் பரிசு ஓர்கிட்டுக்குத்தான் போனது. எங்களுக்கு விசேட சான்றிதழ், அதில் என் பெயருக்குக் கீழே உன் பெயரையும் ஹெக்டர் ஐயா தன் கையாலேயே எழுதித் தந்தார். அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியாயிற்று.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். இன்னும் மூன்று வருடம் இருந்து கலாநிதிப் படிப்பையும் முடிக்கச் சொல்லிப் பேராசிரியர் கேட்கிறார், என்ன செய்யட்டும் என்று ஆவணியில் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் அழுதேன். நீயும் சின்னக் குரலில் "அப்ப நான் வாறன் அம்மா" என்றாய். அந்தக் குரல் இரண்டு மாதமாக என் காதை விட்டுப் போகவில்லை. வராதே மகள். நவம்பர் முடிய முதல் போய்க் கையெழுத்துப் போடு. எங்களை நினைத்து உன் வேலையைப் பாதியில் விடாதே. நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன்னை நினைத்து எனக்குப் பெருமை, இதை மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ தொடங்கினதெல்லாம் நிறைவாய் முடியட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் செடி தேடித் திரியாதே. கடைசியாக ஒரு ஞாபகமூட்டல். பங்குனியில் உன் பட்டமளிப்புக்கு "நீங்கள் கஷ்டப்பட வேண்டாம்" என்றாயே, அந்தக் கதை இனி வேண்டாம். வியாழக்கிழமை அப்பாவும் நானும் போய்ப் பாஸ்போட்டுக்குப் படம் பிடித்தோம், வாழ்க்கையில் முதல் தடவை. அப்பா சிரிக்கக் கூடாது என்று படக்காரன் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மண்டபத்தில் இரண்டு கதிரைக்குச் சொல்லி வை, முன் வரிசையில்.

முத்தங்களுடன்,
உன் அம்மா பிறிஜெற்