திரை அணைந்த வகுப்பு

அன்புள்ளவளுக்கு,

"இந்த வயசுல கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கறதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? நீங்க ஒரு பயந்தாங்கொள்ளி, தோத்துட்டு வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போனாய். இன்று கல்லூரி முதல்வர், புதிய ஆசிரியர்களுக்கு நான் நடத்தும் பயிற்சி வகுப்பைப் பார்க்க வந்தார். வேலை நீடிப்பது அவர் கையில் இருந்தது.

அந்த ஆசிரியர்கள் கணினித் திரையில் பாடம் நடத்திப் பழகும்போது நான் சொல்லாமல் பிளக்கைப் பிடுங்குவேன். "சார், கரண்ட் போச்சு!" என்பார்கள். "பிள்ளைங்க போகலையே, நடத்துங்க" என்பேன்.

இன்று பாதிப் பாடத்தில் என் திரை அணைந்தது. பின்வரிசையில் உட்காரும் குறும்புக்கார ஆசிரியை ஒருத்தி கையில் பிளக்கோடு நின்றாள். "நாங்க போகலையே சார், நடத்துங்க!"

சாக்பீஸை எடுத்து, பாடத்தை முடித்தேன். "அடுத்த வருஷமும் நீங்கதான்" என்றார் முதல்வர்.

உன் நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை மடித்து வைத்துவிட்டேன். பெட்டியைக் கட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி