மேல்மாடியில் ஓடும் நேரம்

நிருஷனின் அம்மாவுக்கு,

தேநீர்த் தட்டில் இதையும் வைத்து, வழக்கம்போல மேல்படியில் விட்டுவிட்டு இறங்குகிறேன்.

இன்று ரியூசன் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், மேல்மாடியிலை இருக்கிறவைக்கு வயது கெதியாக் கூடுமாம், உண்மையோ?"

"ஓம்" என்றேன். உயரப் போகப் போகப் பூமியின் ஈர்ப்பு குறையும். மணிக்கூடு சற்று வேகமாக ஓடும். "எண்டாலும் ஆயுள் முழுக்க மேலை இருந்தாலும், கண் இமைக்கிற நேரம்கூட வித்தியாசம் வராது பிள்ளை."

வேகமாகப் போகிறவனுக்கு நேரம் மெதுவாக ஓடும் என்பதும் அதே பாடம்தான். அதற்கு எப்போதும் மோட்டார் சைக்கிளைத்தான் உதாரணம் சொல்வேன். மகனின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குப் பிறகு அதைப் படிப்பிப்பதில்லை. அன்று பின்னேரம்தான் நீர் அவனுடைய அறைக்கு ஏறிப் போனீர்.

நேற்று உடுப்பு எடுக்க நீர் பல்கனிக்கு வந்தபோது கிணற்றடியில் நின்று பார்த்தேன். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அந்த உயரத்துக்கு அவ்வளவு வயது கூடாது. கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டேன்.

இறங்கி வாரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாளையிலிருந்து தட்டை ஒவ்வொரு படியாகக் கீழே வைக்கிறேன்.

கீழே இருக்கும்,
நான்