நாய் படுத்துக் கிடந்த வண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்
வெள்ளிக்கிழமை

பம்பாய் போயும் தொப்பை குறையாத கூட்டாளி சமுத்திரத்துக்குச் சங்கிலிப்பாண்டி எழுதிக்கிடுதது. ஆண்டாள் புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம். மதினி சுகமா? ஒன்னையக் கேக்கமாட்டேன், ஒனக்கென்ன கேடு.

வன்னியம்பட்டித் தோப்ப வித்து, அந்தக் கரண்டு பைக் கம்பேனிக்கு ராஜபாளையத்துல ஏஜென்சி எடுக்கலாமா, பாத்துச் சொல்லுன்னேல்ல. நேத்து போனேன். போன்ல சொன்னா நீ குறுக்க பேசுவ, அதான் எழுதுதேன். கம்பேனி நல்லதா இருக்கணும்னு கும்பிட்டுட்டுத்தான்லே பஸ் ஏறுனேன். ஏஜென்சி எடுத்தா நீ ஊரோட வந்துருவேல்ல.

கடை கண்ணாடி மாளிகை. டை கட்டுன தம்பி ஒருத்தன் ஏசியில உக்கார வச்சு பால்கோவா குடுத்தான். வில்லிபுத்தூர்க்காரனுக்கே பால்கோவா! தின்னுட்டேன், அது வேற. ஒரு சார்ஜுக்குத் தென்காசி போயிட்டுத் திரும்பிரலாமாம். சரிப்பா, தளவாய்புரம் வரைக்கும் ஓட்டிப் பாக்கேன்னேன். சாப்ட்வேர் வரணுமாம். பொறவு பேட்டரியும் வரணுமாம். பேட்டரி எங்க செய்றியன்னா டீவில படம் காட்டுதான். ஓட்டுற ஆளு ஒருத்தரக் காட்டுன்னா, புக்கிங் பண்ணவிய பேரச் சொல்லுதான்.

வாசல்ல செவப்பா ஒரு வண்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிக்கி. முன் சக்கரத்துல முதுகச் சாச்சு ஒரு வெள்ளை நாய் தூங்குது. ராஜபாளையத்து நாய்லே! நம்ம கூட்டா வாங்குன படபட வண்டிய இதே சாதி நாய் ஒண்ணு மில்லு கேட்டுல வெரட்டுச்சே, மறந்துட்டியா? பின்னால இருந்த நீ காலத் தூக்கி என் தோள்ல போட்ட. ஒன் வேட்டி நாய் வாயோட போச்சு. பட்டாபட்டியோட பொண்ணு பாக்கப் போன ஒரே மாப்பிள்ளை நீதான். மதினி சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

அந்தச் சாதி நாய் உருளுத சக்கரத்த விடுமா? வாட்ச்மேன் மலைச்சாமிட்டக் கேட்டேன். வண்டி வந்து எறங்குனதுலருந்து நாய்க்கு அதாம் படுக்கையாம், ஒரு நாளும் எந்திரிச்சுப் போக வேண்டி வரலையாம்.

கரண்டு வண்டியவே கொறை சொல்லல. எங்க தெரு கமலினி டீச்சர் கரண்டு ஸ்கூட்டர்லதான் பள்ளிக்கூடம் போகுது. சத்தமே இல்ல, ஆனாலும் நாய் வெரட்டுது. அது வண்டி. இது பொம்மை.

தோப்ப விக்காதலே. இத எழுத எனக்கு எம்புட்டு மனசில்லன்னு ஒனக்குத் தெரியாது. ஏஜென்சி இல்லாம ஊருக்கு வரக்கூடாதுன்னு சட்டமா இருக்கு? ஆடிப்பூரத்துக்கு வா. தேர் வடத்துல என் பக்கத்துல ஓர் ஆள் எடம் சும்மாவே கெடக்கு.

ஆத்தா ஆண்டாள் ஒன்னைய நல்லா வைக்கட்டும். வரும்போது வேட்டி ரெண்டாக் கொண்டா.

இப்படிக்கு,
அன்னைக்கு ஒன் வேட்டியக் காப்பாத்தாத
சங்கிலிப்பாண்டி