பதினோரு விநாடி வீடியோ

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இருபத்தாறு பேருக்கு ரத்தம் எடுத்தேன். கடைசி ஆள் ஒரு கையை என்னிடம் நீட்டிவிட்டு மறு கையில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர் ஒருவன் ஒரு பெரியவரின் சட்டையைப் பிடித்து இழுத்து சீட்டில் தள்ளுகிறான். “இவனையெல்லாம் சும்மா விடக்கூடாதும்மா” என்றார். எட்டிப் பார்த்தேன்.

என் அண்ணன்.

மார்ச் 5

அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். பஸ் பாலத்தின் மேல் பழுதாகி நின்றபோது அந்தப் பெரியவர் தானாகக் கதவைத் திறந்து இறங்கப் போயிருக்கிறார். பக்கத்திலேயே லாரிகள் பறக்கின்றன. அண்ணன் பிடித்து இழுத்திருக்கிறான். வீடியோவில் இழுத்தது மட்டும்தான் இருக்கிறது.

நாற்பதாயிரம் பேர் திட்டியிருக்கிறார்கள். ஒரு ஆளாவது ‘என்ன ஆச்சு’ன்னு கேட்க வேண்டாமா? என் நாத்தனாரும் பகிர்ந்திருக்கிறாள். அவளைத் தினமும் தன் பஸ்ஸில் காலேஜில் இறக்கிவிட்டவன் என் அண்ணன். போன் செய்தேன். “முகம் சரியா தெரியல அண்ணி. ஆனா பண்ணது தப்புதானே?”

தப்பாம்.

மார்ச் 6

பொறுக்க முடியவில்லை. வேறு பெயரில் எழுதினேன்: ‘நான் அதே பஸ்ஸில்தான் இருந்தேன். அந்தக் கிழவன் குடித்திருந்தான்.’ இரண்டுமே பொய். இருக்கட்டுமே — அவங்க மட்டும் உண்மையா எழுதுறாங்க?

மார்ச் 8

ஒன்பதாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். இப்போது இரண்டு கட்சி: டிரைவர் பக்கம், பெரியவர் பக்கம். வெட்டு குத்துதான் பாக்கி. அண்ணனைத் திட்டினவங்க நல்லா வாங்கட்டும்.

அண்ணன் முகம்தான் சரியில்லை. “அவர் குடிக்கலடி. ‘பொண்ணு ஸ்கூல் விட்டு வந்திருப்பா, நான் இறங்கணும்’னு சொல்லிட்டே இருந்தார். எவனோ வாய்க்கு வந்ததை எழுதுறான்.”

தலை நிமிராமல் சாப்பிட்டேன்.

மார்ச் 12

இன்று டிப்போவில் விசாரணை; அண்ணனோடு நானும் போயிருந்தேன். பெரியவரின் மகள் அண்ணனுக்காகச் சாட்சி சொன்னார். அந்த ‘ஸ்கூல் பொண்ணு’க்கு ஐம்பது வயது. வெளியே என்னிடம் வந்தார்.

“அப்பாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. உங்க அண்ணன் இல்லன்னா அவர் இல்ல. ஆனா உங்க அண்ணனுக்குப் பரிஞ்சு பேசுறவங்க எங்க கதவுல ‘குடிகாரன் வீடு’ன்னு பெயிண்ட்ல எழுதிட்டுப் போயிருக்காங்க. அப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல. யார் கிளப்பிவிட்டாங்களோ.”

“தெரியலைங்க” என்றேன்.

கழிவறைக்குள் போய் அந்தப் பதிவை அழித்தேன். என்னுடையது அழிந்தது. அந்த ஒன்பதாயிரம்? இனி யார் மேல கோபப்படப் போறே, சொல்லு? நாத்தனார் தெரியாம செஞ்சா. நீ?

மார்ச் 13

நடந்ததை என் சொந்தப் பெயரில் எழுதினேன். பதினேழு பேர் பார்த்தார்கள். ஒருவன், “எந்தக் கட்சி எழுதச் சொன்னது?” என்று கேட்டிருக்கிறான்.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் நாளை வேலைக்குத் திரும்புகிறான்.

மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மகளிடம், “அப்பா குடிச்சிருந்தார்னு முதல்ல எழுதினது நான்தான்” என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சத்தம் வராம துடைங்க. அப்பா தூங்குறார்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மதியம் வரை தேய்த்தேன். எழுத்து போய்விட்டது. வெயில் படும்போது இன்னும் படிக்க முடிகிறது.