செப்டிக் டேங்க் விஷயத்தைச் சித்தப்பாவிடம் கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் எழுந்து நடமாடும்படி நன்றாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. எனக்குத்தான் பத்து நாளாக மனசு சரியில்லை, காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்காதே. நீங்கள் புதிதாகக் குடிபோன வீட்டில் குளியலறைத் தண்ணீர் இறங்காமல் களக் களக் என்று சத்தம் வந்ததாமே, பின்பக்கப் புல்தரை சொதசொதவென்று நாறியதாமே, அதை வீடியோ எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பினாயாமே. அவன் தன் குழாய் சாமான் கடைக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிவிட்டு, நம் வீட்டுக்கே வந்து உன் அம்மாவுக்கும் காட்டினான். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். உனக்கு சைக்கிள் பழக்கியது நான், கணக்கு சொல்லிக்கொடுத்தது நான், கக்கூஸ் அடைத்தால் மட்டும் சித்தப்பாவா என்று வயிறு எரிந்தது. எனக்கும் இதெல்லாம் தெரியும் மகளே. வீட்டிலிருந்து போவதெல்லாம் டேங்கில் விழுந்ததும் கனமானது சேறாக அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஆடைபோல் மேலே மிதக்கும், நடுவில் தெளிந்த தண்ணீர் மட்டும் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்கும். சேறு ஏற ஏற நடுவே இடம் குறைந்து அழுக்கும் கூடவே போய் மண்ணை அடைத்துவிடும், அதனால்தான் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை லாரியை வைத்து உறிஞ்சி எடுப்பது. வீடு கட்டும்போது கொத்தனாரைக் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டது இதெல்லாம்.

அதைக் காட்டத்தான் போன செவ்வாய்க்கிழமை நம் டேங்குக்கு லாரி வரச்சொன்னேன், வேண்டுமென்றே என் தம்பி, அந்த உன் சித்தப்பாவையும் கூப்பிட்டேன். லாரிக்காரர் வந்து மூடி எங்கே என்றார். போன வருடம் பின்பக்கம் முழுக்க டைல்ஸ் போட்டபோது அதன் மேலேயும் போடச் சொன்னவன் நான், இப்போது இடம் தெரியவில்லை. தம்பி சமையலறைச் சுவரிலிருந்து நாலு எட்டு வைத்து, ஒரு டைல்ஸைக் காலால் தட்டி, இங்கே உடைக்கச் சொன்னான். உடைத்தால் மூடி. டேங்க் கட்டி மூடிய நாளில் மட்டும் நான் வேலைக்குப் போயிருந்தேன், கூட நின்றவன் அவன். உன் அம்மா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பத்தைந்து வருடத்தில் என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஆத்திரத்தில் புத்தி கெட்டது. மூடியைத் திறந்ததும், குழாய் உடைந்திருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன் என்று மண்டியிட்டுத் தலையை உள்ளே நீட்டினேன். லாரிக்காரர் வேண்டாம் என்று தடுத்தது காதில் விழுந்தது, கேட்கவில்லை. இரண்டு மூச்சுதான் இழுத்திருப்பேன், விஷவாயு, கண் இருட்டிவிட்டது. தம்பி என் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தரையில் தள்ளினான். "ஏண்ணே, உனக்கு ஒண்ணு ஆயிருந்தா உன் மககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? போன் பண்ணினா பாதி நேரம் உன்னைப் பத்தித்தானே கேக்கறா" என்றான்.

எனக்கு அது அன்றுதான் தெரியும். மாத்திரை போடுகிறாரா, சரியாகத் தூங்குகிறாரா என்று கேட்பாயாம், என்னிடம் கேட்டால் மழுப்பிவிடுவேன் என்றாயாம். மழுப்புவேன்தான். சந்தோஷமாக இருந்தது, ஆனாலும் என் விவரமும் அவன் கையில்தான் என்று நினைத்தால் மறுபடி எரிகிறது, என்ன செய்ய. லாரி நல்லபடியாக உறிஞ்சி முடித்தது, இப்போது மூடிக்கு மேல் டைல்ஸ் இல்லை, எனக்கும் தலைசுற்றல் இல்லை. நீயும் கேட்டுக்கொள், பொரித்த எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதே, குட்டியைத் துடைத்த ஈரத்தாளைக் கக்கூஸில் போடாதே, ஆசிட் ஊற்றினால் கழிவைத் தின்று கரைக்கும் கிருமிகள் செத்துவிடும், உறிஞ்சு குழி மேல் மாப்பிள்ளை காரை நிறுத்த வேண்டாம். மூடி திறந்திருக்கும்போது குட்டியை அந்தப் பக்கமே விடாதே, பெரியவர்களும் குனிந்து பார்க்கக் கூடாது, அப்பா பட்டது போதும்.

உங்கள் மூவருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்க என் ஆசீர்வாதம். அடுத்த முறை வீட்டில் எது அடைத்தாலும் முதல் போன் எனக்குப் பண்ணு. எனக்குத் தெரியாவிட்டால் தம்பியிடம் கேட்டாவது சொல்கிறேன், நீ கேட்டது என்னிடம் என்று இருக்கட்டும்.

உன் அப்பா