ஒரு ஆளைக் காட்டச் சொன்னார்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் சொல்லத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன். புகையிலை ஒழிப்புக்குத் தரும் அரசு நிதியை நிறுத்தப் போகிறார்கள். உன் ஆலோசனை மையமும் அதில் அடக்கம். அதற்கான அலுவலகக் குறிப்பை எங்கள் நிதித்துறையில் எழுதியது நான்தான். “இம்மையங்களால் யாரும் புகைப்பழக்கத்தை விட்டதற்குப் போதிய சான்றில்லை” என்று, மேலதிகாரி சொன்னபடியே எழுதிவிட்டேன். பதினெட்டாம் தேதி நிதிக்குழு கூடுகிறது. நானும் அந்த அறையில் இருப்பேன். தயவுசெய்து நீ பேச வராதே.

உன் தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

மாமா படியேறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறார், மற்றபடி நலம்.

சான்றில்லையா? மூன்று தடவை சிகரெட்டை விட்டு மறுபடி பிடித்து, நான்காவது தடவை என் எதிரே உட்கார்ந்து, “இன்னைக்கும் பிடிக்கலக்கா” என்று சொன்னவனா இதை எழுதினான்? நேற்று ஒரு வெல்டர் மனைவியோடு வந்திருந்தார். “இவரு தூங்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், கடைக்குப் போயிடக் கூடாதுன்னு” என்றாள் அந்தப் பெண். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?

நான் வருவேன். பயப்படாதே, உன் கதையை எடுக்க மாட்டேன். அதை நீதான் சொல்ல வேண்டும்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

நேற்று நீ என் பக்கம் திரும்பவே இல்லை. தலைவர், “விட்டவங்கன்னு ஒரே ஒரு ஆளைக் காட்டுங்களேன், பார்ப்போம்” என்றார். “பேரைச் சொல்ல மாட்டேன் சார். என்னை நம்பிச் சொன்னவங்க அவங்க” என்றாய். யாரோ சிரித்தார்கள். மைக் எனக்குக் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது, அதுதான் கண் முன்னால் நின்றது.

நிதி போய்விட்டது. வாசலுக்கு ஓடி வந்தேன், அதற்குள் நீ பேருந்து ஏறிவிட்டாய். அப்படியே தெருமுனைக் கடையில் ஒரு சிகரெட் வாங்கினேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு. இப்போது தினமும் வாங்குவேனோ என்று பயமாக இருக்கிறது. என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

திட்டிப் பார்த்தேன். மூன்று தாள் கிழித்ததுதான் மிச்சம்.

மையம் இந்த மாதக் கடைசி வரை திறந்திருக்கும். சனிக்கிழமை காலையில் வா. மற்றவர்களோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடும்போது உள்ளே வா. முதல் நாள் வருகிறவர்கள் எங்கே வேலை பார்க்கிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்வது வழக்கம். நீயும் சொல்ல வேண்டியிருக்கும். யார் என்ன கேட்டாலும் நான் குறுக்கே வர மாட்டேன்.

வீட்டுக்கு மட்டும் இப்போதைக்கு வராதே.

ஆலோசகர்